முழங்கால் ஊறும் மின்சாரச் சக்கரப்பலகையும்

மனித சரீரத்தின் உறுப்புகளுள் நாம் மிகுதியாக உழைக்கச் செய்து மிகக் குறைவாக எண்ணிப் பார்ப்பது முழங்காலேயாகும். நிற்றல், நடத்தல், ஓடுதல், படியேறுதல், மண்டியிட்டு வணங்குதல் ஆகிய தொழில்கள் யாவும் அதன் துணையாலேயே நிகழ்கின்றன. அஃது ஊறின்றி இயங்குங்காறும் அப்படியோர் உறுப்பு உண்டு என்னும் நினைவே நமக்கு எழுவதில்லை. ஊறுபட்ட பின்னரோ, கட்டிலினின்று எழுந்து கதவுவரை செல்லும் பத்தடி வழியும் நெடும் பயணமாகி விடுகின்றது.

இக்காலத்தில் இளைஞர் பலரின் உள்ளத்தைக் கவர்ந்துள்ள புதுவகை ஊர்திகளுள் மின்சாரச் சக்கரப்பலகை ஒன்று. ஸ்கேட்போர்டு என வழங்கும் பலகையின் அடியில் மோட்டாரும் பாட்டரியும் பொருத்தி, கையடக்கமான ஒரு கருவியால் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செலுத்துவது இது. காலால் தரையை உந்தவேண்டாமையின், முழங்கால் ஊறுற்றுத் தேறிவருவோர் சிலர், "நடப்பதினும் இதில் நிற்பது எளிது, ஆதலின் இதில் ஏறலாம்" என்று கருதுகின்றனர். இக்கருத்து ஒரு பாதி உண்மை. மற்றைப் பாதி பெருந்தீங்கு விளைப்பது. அவ்விரு பாதியையும் பிரித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முழங்காலின் அமைப்பு

தொடையெலும்பின் கீழ்முனையும் கணைக்காலெலும்பின் மேல்முனையும் சந்திக்குமிடமே முழங்கால். முன்புறத்தில் சில்லெலும்பு காவலாக அமைந்துள்ளது. தொடையெலும்பின் முனை உருண்டது. கணைக்காலெலும்பின் முனையோ ஏறக்குறைய தட்டையானது. தட்டின்மேல் வைத்த உருண்டை நிலைபெறாதவாறு போல, இவ்விரண்டு எலும்புகளும் தம் வடிவத்தால் மாத்திரம் நிலைபெறமாட்டா. இவற்றைப் பிணித்து நிறுத்துவன நான்கு வலிய நார்கள். உட்பக்கத்தில் ஒன்றும் வெளிப்பக்கத்தில் ஒன்றும் உள்ளன. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சிலுவை வடிவாய் நிற்பன ஏனைய இரண்டு. இவற்றை முன் சிலுவைநார், பின் சிலுவைநார் என்பர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியப் பேராசிரியர் காலத்திலேயே இவை அறியப்பட்டிருந்தன.

இரண்டு எலும்புகளுக்கும் இடையே பிறைவடிவான இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள் உள. இவை உடலின் பாரத்தைப் பரப்பித் தாங்குவன. பாரமாவது யாது? நின்றவிடத்து நிற்கும் மனிதனின் எடை மாத்திரமன்று. பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர் செயற்கை மூட்டுக்குள் அளவுகருவி பொருத்தி 2010 இல் வெளியிட்ட கணக்கின்படி, சமதரையில் நடக்கும்போது முழங்காலின்மேல் உடலெடையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கும், படியிறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கும் பாரம் விழுகின்றது. 60 கிலோகிராம் எடையுள்ள இளைஞன் மாடியினின்று இறங்குங்கால், ஒவ்வோரடியிலும் அவன் முழங்கால் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்குகின்றது என்று இதனால் அறிகின்றோம்.

நார்களும் மெத்தைகளும் தாமாக எதிர்த்து உழைப்பன அல்ல, நிலைத்து நிற்பன. உழைத்துக் காப்பன தசைகள். தொடையின் முன்புறத்திலுள்ள நாற்றலைத் தசை முழங்காலை நீட்டுவது. விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் அதுவே. பின்தொடைத் தசைகள் காலை மடக்குவன. கணைக்காலெலும்பு முன்னோக்கி நழுவாமல் முன் சிலுவைநாருக்குத் துணைநிற்பனவும் அவையே. ஊறுற்ற முழங்காலைத் தேற்றுவதென்பது பெரும்பாலும் இத்தசைகளைத் தேற்றுவதேயாகும்.

ஊறு நேரும் வகை

பிறர் மோதுவதாலேயே முழங்கால் கெடும் என்று எண்ணுவது பொதுவழக்கு. முன் சிலுவைநாரைப் பொறுத்தவரை இஃது உண்மையன்று. அந்நார் அறுவது பெரும்பாலும் ஒருவர் தாமே ஓடிச் சடுதியில் திரும்பும்போதும், குதித்து ஒற்றைக்காலில் இறங்கும்போதுமே. பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் வேறு திசையில் சுழலுமாயின், அச்சுழற்சி முழுதும் முழங்காலில் சென்று முடிகின்றது. அப்பொழுது உள்ளே 'சடக்' என்னும் ஓசை கேட்டதாகப் பலர் கூறுவர். சில மணி நேரத்திற்குள் மூட்டு பருத்து வீங்கும். இவ்விரைந்த வீக்கம் உள்ளே இரத்தம் கசிந்ததன் அறிகுறி. சாதாரணச் சுளுக்கென்று கருதி எண்ணெய் தேய்த்து விடற்பாலதன்று.

சக்கரப்பலகையில் செல்வோர்க்கு இவ்வகை ஊறு நேரும் வழியை எளிதில் ஊகிக்கலாம். பலகை ஒரு கல்லில் தடைப்பட்டு நிற்கின்றது, ஏறியிருந்தவர் முன்னோக்கி எறியப்படுகின்றார், ஒரு கால் தரையில் ஊன்றுகின்றது, மற்றொன்று பலகையிலேயே நிற்கின்றது, உடலோ சுழல்கின்றது. நார் அறுதற்கு வேண்டிய நிபந்தனைகள் யாவும் அவ்வொரு கணத்தில் கூடிவிடுகின்றன.

முதலுதவியும் சோதனையும்

1978 இல் அமெரிக்க வைத்தியர் கேப் மிர்க்கின் என்பார், ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கினை விளையாட்டில் நேரும் ஊறுகளுக்கு முதலுதவியாக விதித்தார். அவை உலகெங்கும் பரவின. 2014 இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் நெடிது நீடித்தால் புண் ஆறுதல் தாமதப்படக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக் கொண்டார். ஆகவே முதல் இரண்டொரு நாள் காலைக் காத்து, உயர்த்தி வைத்து, மிதமாகக் கட்டி, நோவு தணியப் பனிக்கட்டியை இடையிடையே வைத்தல் சாலும். அதன்பின் நோவு இடங்கொடுக்கும் அளவில் மூட்டை அசைக்கத் தொடங்குதல் வேண்டும்.

எலும்பு முறிந்துள்ளதோ என்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கவேண்டியவர் எவர் என்பதற்குக் கானடா தேசத்து ஒட்டாவா நகர வைத்தியர் 1995 இல் எளிய விதிகளை வெளியிட்டனர். வயது 55 அல்லது அதற்கு மேற்பட்டிருத்தல், முழங்காற் சில்லில் மாத்திரம் தொட்டால் நோதல், கணைக்காலின் வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையில் நோதல், காலை 90 பாகை மடக்க இயலாமை, ஊறுற்ற உடனேயும் வைத்தியசாலையிலும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாமை என்னும் ஐந்தனுள் ஒன்று இருப்பினும் படம் எடுத்தல் வேண்டும். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த மாத்திரத்தில் ஊறே இல்லையென்று மகிழ்தல் கூடாது. நார்கள் எக்ஸ்ரேயில் தோன்றுவன அல்ல. தேர்ந்த வைத்தியர் காலைச் சிறிது மடக்கிக் கணைக்காலெலும்பை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பார். லாக்மன் சோதனை எனப்படும் இதனாலும், எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்தப் படத்தாலுமே அவற்றின் நிலை வெளிப்படும்.

சத்திரசிகிச்சை வேண்டுமா?

1895 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்ஸன் என்னும் சத்திரவைத்தியர், 41 வயதுடைய சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த சிலுவைநார்களைத் தைத்து இணைத்தார். 1917 இல் பிரிஸ்டல் நகரத்து ஹே குரோவ்ஸ் என்பார், அறுந்த நாரைத் தைப்பதினும் தொடையின் வெளிப்புறத்துள்ள உறைத்திசுவில் ஒரு பட்டையை எடுத்துப் புது நாராக அமைத்தல் நன்று என்று கண்டார். இன்றும் அடிப்படை அதுவே. நோயாளியின் பின்தொடைத் தசைநாண்களிலிருந்தோ, முழங்காற்சில்லின் நாணிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய நார் நின்றவிடத்தில் நாட்டுகின்றனர்.

எனினும் நார் அறுந்தோர் எல்லாரும் சத்திரத்திற்கு உட்படவேண்டுவதில்லை. சுவீடன் நாட்டில் இளம் வயதினர் 121 பேரைக் கொண்டு நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. ஒரு பாதியார்க்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும் அளித்தனர். மறு பாதியார்க்கு முதலில் பயிற்சியே அளித்து, முழங்கால் நிலைகொள்ளாதார்க்கு மாத்திரம் பின்னர்ச் சத்திரசிகிச்சை செய்தனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில் இருசாராரின் நலத்திலும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. இரண்டாம் பகுதியினர் 59 பேருள் 36 பேர் அதுகாறும் சத்திரசிகிச்சையின்றியே இருந்தனர். உட்பக்க நாரோ பெரும்பாலும் சத்திரமின்றியே ஆறிவிடுவது. எவர்க்கு எது தகும் என்பது அவரவர் முழங்காலின் உறுதியையும், அவர் மேற்கொள்ள விழையும் தொழிலையும் விளையாட்டையும் பொறுத்தது. ஆனால் பயிற்சி எவர்க்கும் விலக்கன்று. சத்திரம் செய்துகொண்டவர்க்கும் அது வேண்டும். செய்துகொள்ளாதவர்க்கும் அது வேண்டும்.

தேறும் படிகள்

மூட்டு வீங்கியிருக்கும்போது நாற்றலைத் தசை மூளையின் ஏவலைச் செவ்வனே ஏற்பதில்லை. தசை கெட்டதன்று, வீக்கத்தினால் எழும் நரம்புக் குறிப்பு அதனைத் தடுத்துவிடுகின்றது. பயன்படாத தசை சில வாரங்களிலேயே மெலிந்து போகும். ஆதலின் முதற்படி வீக்கத்தைத் தணித்தலும், காலை முழுதும் நீட்டப் பழகுதலும், தசையை எழுப்புதலுமாம். படுத்தபடியே முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்துதல், நீட்டிய காலை அப்படியே மேலே தூக்குதல் ஆகிய எளிய பயிற்சிகள் இதற்குரியன. மடக்குதலினும் நீட்டுதலே முதலில் முக்கியம். முழுதும் நீளாத கால் நொண்டுதலைப் பழக்கமாக்கிவிடும்.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை ஊன்றுகோலைச் சிறிது சிறிதாக விடுத்து, நொண்டாமல் நடக்கப் பழகுதலும், நிலைமிதிவண்டியில் மிதித்தலும் நிகழும். அதன்பின் அரைக் குந்தல், படியேறி இறங்கல், ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியன. புது நார் நாட்டப்பட்டவர்கள் ஈண்டு ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். நாட்டிய நார் முதலில் தன் பழைய உயிரணுக்களை இழக்கின்றது. பின்னர்ப் புது இரத்தக் குழல்கள் அதனுட் புகுகின்றன. அதன்பின் அது மெல்ல மெல்லத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கின்றது. இம்மாற்றத்தின் இடையே, ஏறக்குறைய 6 முதல் 12 வாரங்களுக்குள், அது நனி வலிகுன்றி இருக்கின்றது. நோயாளிக்கோ அந்நாள்களில்தான் நோவு நீங்கி, வீக்கம் வடிந்து, நடை திருந்தி, "முற்றும் குணமாயிற்று" என்னும் எண்ணம் எழுகின்றது. உணர்ச்சி வலியதென்று கூறும் காலமும், நார் மெலிந்திருக்கும் காலமும் ஒன்றாய் நிற்றலே இந்நோயின் பெரும் வஞ்சனை.

மூன்று நான்கு மாதங்களின் பின், தசைவலி போதியதாயின், மெல்லோட்டம் தொடங்கலாம். ஆறு மாதங்களின் பின் குதித்தலும், இறங்கி நிலைகொள்ளுதலும், திசை திரும்புதலும் முறையே பயில்விக்கப்படும். திருப்பமும் குதிப்பும் மிக்க விளையாட்டுகளுக்கு 9 மாதங்களுக்கு முன் திரும்புதல் நன்றன்று. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தாரும் நார்வே நாட்டு ஆஸ்லோ நகரத்தாரும் 106 பேரை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட முடிபு இதனை வலியுறுத்துகின்றது. 9 மாதம் நிரம்புங்காறும் விளையாட்டிற்குத் திரும்புதலை ஒவ்வொரு மாதம் தள்ளிவைக்கும்தோறும், மறுபடியும் ஊறுபடும் வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தசைவலிச் சோதனையிலும் குதிப்புச் சோதனைகளிலும் தேறாமல் திரும்பியவருள் 100க்கு 38 பேர் மறுபடியும் முழங்காலில் ஊறுபட்டனர். தேறித் திரும்பியவருள் 100க்கு 6 பேர்க்கும் குறைவே.

இளைஞர்க்கு இவ்வெச்சரிக்கை பின்னும் மிகுதி. 25 வயதுக்குட்பட்டு விளையாட்டிற்குத் திரும்பினோருள் 100க்கு ஏறத்தாழ 23 பேர்க்கு அக்காலிலேனும் மறுகாலிலேனும் சிலுவைநார் மறுபடியும் அறுந்தது என்று 2016 இல் தொகுத்த கணக்கொன்று கூறுகின்றது. நாரும் மெத்தையும் கெட்ட முழங்கால்களுள் ஏறத்தாழ பாதி, 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்வடைகின்றன என்றும் கண்டிருக்கின்றனர். இருபது வயதில் அவசரப்பட்டவன் நாற்பது வயதில் கிழவனைப்போல் படியேற நேரும் என்பதே இதன் பொருள்.

பலகையின் வரலாறும் இயக்கமும்

சக்கரப்பலகை பிறந்த நாடு அமெரிக்காவின் கலிபோர்னியா. கடலலையின்மேல் பலகையில் ஊர்ந்து விளையாடுவோர், அலையில்லாத நாள்களில் தரையிலும் அவ்வாறே ஊர விழைந்து, 1950க்களில் மரப்பலகையில் சக்கரங்களைப் பொருத்தினர். 1970க்களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பார் பாலியுரிதேன் என்னும் பொருளாலாகிய சக்கரங்களைப் புகுத்தினார்; அவை சாலையைப் பற்றிச் செல்லுதலின் விளையாட்டு எங்கும் பரவிற்று. 1975 இல் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பலகை தோன்றியது. இரைச்சலும் புகையும் மிக்கிருந்தமையால் அது நெடிது நிலைக்கவில்லை. 1999 இல் லூயி பிங்கிள் என்பார் கம்பியின்றி ஆளும் மின்சாரப் பலகைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். லித்தியம் பாட்டரி எடை குறைந்து ஆற்றல் மிகுந்த பின்னரே இவ்வூர்தி பெருவழக்காயிற்று. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற மூவர் 2012 இல் தொடங்கிய பூஸ்டெட் என்னும் தொழில் நிலையம் இதனைப் பலரறியச் செய்து, 2020 இல் மூடப்பட்டது. இன்று வேறு பல நிலையங்கள் இவற்றைச் செய்கின்றன.

இதன் இயக்கம் எளிது. பாட்டரியின் மின்சாரம் வேகமடக்கி என்னும் கருவி வழியாக மோட்டாருக்குச் செல்லும். கையிலுள்ள கருவி வானொலி அலையால் அவ்வேகமடக்கியை ஏவும். தடையிடும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகின்றது. ஈண்டு அறியற்பாலதொன்று உண்டு. பாட்டரி முற்றும் நிறைந்திருக்குங்கால் அம்மின்சாரத்திற்கு இடமில்லை. ஆதலால் சில பலகைகளில் தடை வலிகுன்றும், அல்லது அற்றுப்போகும். மலைச்சரிவின் உச்சியில் வீடுடையவர், இரவெல்லாம் பாட்டரியை நிரப்பிக் காலையில் சரிவில் இறங்குவது இக்காரணத்தால் ஆபத்தாம். முதலில் சமதரையில் சிறிது தூரம் ஓட்டியபின் இறங்குதல் வேண்டும்.

வேகமும் வீழ்ச்சியும்

மிதிவண்டியில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு, பலகையில் அஃதில்லை. வேகம் கூட்டும்போது உடல் பின்னோக்கியும், தடையிடும்போது முன்னோக்கியும் எறியப்படும். இவ்விரண்டையும் எதிர்த்து நிற்பது, முழங்காலை மடக்கித் தாழ நிற்கும் நிலை ஒன்றே. முழங்காலை விறைப்பாய் நீட்டி நிற்பவர் முதல் மேட்டிலேயே விழுவர். மடக்கிய முழங்கால் வண்டியின் வில்லைப்போல அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நாற்றலைத் தசை வலிகுன்றியவர் சில நிமிஷங்களிலேயே களைத்து, தம்மையறியாமல் காலை நீட்டிவிடுவர். இது முதற் காரணம்.

இரண்டாவது, விழும் வேகம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் உடலிலுள்ள ஆற்றல், ஏறத்தாழ 0.9 மீட்டர் உயரத்தினின்று விழுபவனுக்குரியது. இடுப்பளவு உயரம் என்னலாம். 30 கிலோமீட்டரில் அவ்வுயரம் 3.5 மீட்டர், அஃதாவது மாடியிலிருந்து விழுதல். 40 கிலோமீட்டரில் 6.3 மீட்டர். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிக நூலின் பாலபாடம். சாலையில் வழுக்கிச் செல்வதால் இவ்வாற்றலில் ஒரு பகுதி தேய்ந்துபோம் என்பது மெய்யே. ஆயினும் எதிரே சுவரோ வண்டியோ நிற்குமாயின் தேய்வதற்கு வழியில்லை.

மூன்றாவது, பலகையினின்று இறங்கி ஓடுதல். ஆபத்து நேரும்போது பலகையை விட்டுத் தரையில் இறங்கி, அதே வேகத்தில் சில அடி ஓடி நிற்பது வழக்கம். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது 100 மீட்டரை 24 விநாடியில் ஓடும் வேகம். நலமுள்ள எவர்க்கும் ஒல்லும். 30 கிலோமீட்டரோ 100 மீட்டரை 12 விநாடியில் ஓடும் வேகம். நம் கல்லூரி ஓட்டப்பந்தயத்தில் அவ்வளவு விரைந்து ஓடமாட்டாதவர், அவ்வேகத்தில் பலகையினின்று இறங்கி ஓடவும் மாட்டார். முதலில் ஊன்றும் ஒற்றைக்காலே உடலின் பாரம் முழுதையும் ஏற்றுத் தடுக்கவேண்டும். அக்கால் ஊறுற்ற காலாக அமைந்துவிடவும் கூடும்.

இதனால் பெறப்படும் முடிபு யாது? பலகைமேல் நிற்கும் வலி வேறு. பலகையினின்று விழும் வலி வேறு. முன்னதற்கு மூன்று மாதத்து முழங்காலும் போதியதாகத் தோன்றும். பின்னதற்கோ, குதித்திறங்கவும் ஓடவும் திரும்பவும் வல்ல முழங்கால் வேண்டும். எப்பொழுது ஏறலாம் என்பதை நாம் தெரிந்துகொள்ளலாம். எப்பொழுது விழுவோம் என்பதையோ நாம் தெரிந்துகொள்வதில்லை. ஆகவே இவ்விளையாட்டைத் திருப்பமும் குதிப்பும் உள்ள விளையாட்டுகளோடு சேர்த்தெண்ணி, அவற்றுக்குரிய காலவரம்பையும் சோதனைகளையும் இதற்கும் கொள்ளுதலே அறிவுடைமை.

கவசங்களின் எல்லை

தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கைக் காப்பு, முழங்காற் காப்பு ஆகிய நான்கும் இன்றியமையாதன. விழுபவர் இயல்பாகக் கையை நீட்டி ஊன்றுவர். அதனால் முறிவது மணிக்கட்டு. தலைக்கு நேரும் அடியோ உயிரையே போக்கும். தலைக்கவசம் தாடையின்கீழ் நன்கு கட்டப்படல் வேண்டும்; ஒருமுறை பலமாக மோதியதை மறுபடியும் அணிதல் கூடாது.

முழங்காற் காப்பைப்பற்றி ஒரு மயக்கத்தை நீக்கல் வேண்டும். அது சில்லெலும்பை அடியினின்றும், தோலைத் தேய்வினின்றும் காப்பது. உள்ளேயுள்ள நாரைச் சுழற்சியினின்றும் அது காவாது. வெளியே எத்துணைத் தடித்த கவசம் அணியினும், பாதம் ஊன்றி உடல் திரும்பினால் சிலுவைநார் அறுந்தேவிடும். அதற்குக் கவசம் தசைவலி ஒன்றே. அக்கவசம் கடையில் விற்பதன்று. ஒன்பது மாதம் உழைத்துப் பெறுவது.

மீண்டும் ஏறுமுன்

வைத்தியரும் பயிற்சியாளரும் இசைவளித்தல் முதற்கண் வேண்டும். வீக்கம் முற்றும் வடிந்திருத்தல். இரண்டு கால்களும் ஒத்து நீளவும் மடங்கவும் இயலுதல். ஊறுற்ற காலின் நாற்றலைத் தசை மறுகாலின் வலியில் 100க்கு 90 பங்கேனும் பெற்றிருத்தல். ஒற்றைக்காற் குதிப்பில் இரு கால்களும் தாண்டும் தூரம் அவ்வளவேனும் ஒத்திருத்தல் ஆகியன அறிகுறிகள். கண்ணாடி முன்நின்று ஒற்றைக்காலில் குந்தும்போது முழங்கால் உட்புறம் சாயுமாயின் இன்னும் காலம் வரவில்லை என்க.

இவை நிரம்பிய பின்னும் படிப்படியாகவே செல்லல் வேண்டும். முதலில் மோட்டாரை இயக்காது புல்தரையில் நின்று பழகுதல். பின்னர் மக்கள் நடமாட்டமில்லாத சமதரையில், பலகையின் மிகக் குறைந்த வேகநிலையில், நடைவேகத்தில் செல்லுதல். அவ்வேகத்தில் இறங்கி ஓடி நிற்பதை இருகாலாலும் பன்முறை பழகுதல். தடையிடுதலையும் இங்கேயே கற்றுக்கொள்ளல் வேண்டும். ஆபத்தைக் கண்டு கை இயங்குதற்கு ஒரு விநாடி செல்லும் என்றும், தடை விநாடிக்கு 2.5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்றும் கொண்டால், 15 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு ஏறத்தாழ 8 மீட்டரும், 30 கிலோமீட்டரில் ஏறத்தாழ 22 மீட்டரும் வேண்டும். இறங்கி ஓட இயலும் வேகத்தைக் கடவாமையே பொன்விதி. மறுநாட் காலையில் முழங்கால் வீங்குமாயின், முந்தியநாட் செலவு அளவு கடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வீக்கம் வடியுங்காறும் பலகையைத் தொடாதிருத்தல் வேண்டும்.

புறப்படும்போதெல்லாம் சக்கரங்களின் திருகுகளையும், கைக்கருவி, பலகை இரண்டின் பாட்டரிகளையும் பார்த்தல் நன்று. மழைநீர் தேங்கிய சாலை, மணல், கற்பொடி, தண்டவாளம் ஆகியன பகை. வேகத்தில் பலகை இருபக்கமும் நடுங்கித் தள்ளாடத் தொடங்கினால், எடையை முன்காலில் சாய்த்து, உடலைத் தளர்த்தி, மெல்ல வேகத்தைக் குறைத்தல் வேண்டும். விறைத்தால் நடுக்கம் மிகும். பாட்டரியை அதற்குரிய கருவி கொண்டே, விழித்திருக்கும் நேரத்தில், வெளியேறும் வாயிலை அடைக்காத இடத்தில் நிரப்புதல் வேண்டும். 2015 இல் இருசக்கரத் தன்னிலைப் பலகைகள் பல தீப்பற்றியதும், மறு ஆண்டில் அமெரிக்காவில் 500,000க்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டதும் இதற்குச் சான்று. ஒற்றைச் சக்கரமுடைய மின்சாரப் பலகை வகையொன்றும், 2019 முதல் 2021 வரை நான்கு உயிரேனும் போனபின், 2023 இல் ஏறத்தாழ 300,000 எண்ணிக்கையில் திருத்தத்திற்கு அழைக்கப்பட்டது. இறந்தோருள் மூவர் தலைக்கவசம் அணியாதிருந்தனர் என்பது கருதத்தக்கது.

சட்டமும் துணை

இவ்வூர்தி பிறந்த கலிபோர்னியாவில் 2016 ஜனவரி 1 முதல் இதற்கெனத் தனிச்சட்டம் உண்டு. 16 வயது நிரம்பாதவர் ஏறலாகாது, எவ்வயதினரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும், மணிக்கு 15 மைலுக்கு, அஃதாவது 24 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது, மதுவுண்டு செலுத்தலாகாது, இருளில் விளக்கு வேண்டும், 35 மைலுக்கு மேற்பட்ட வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில், மிதிவண்டிக்குரிய வழியிலன்றிச் செல்லலாகாது. பிரிட்டனிலோ பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் இவ்வூர்திக்கு இடமில்லை; தனியார் நிலத்தில் உடையவர் இசைவுடன் மாத்திரமே ஓட்டலாம். நாட்டுக்கு நாடு விதி வேறுபடுதலின், ஏறுமுன் அவ்விடத்துச் சட்டத்தை அறிதல் கடமை. இளைஞர் இவ்விதிகளைத் தளையென எண்ணுவர். விதியிற் கண்ட 24 கிலோமீட்டர் வேகமே ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரத்தினின்று விழுதற்கு ஒப்பாம் என்று கணக்கிட்டுப் பார்ப்பவர்க்கு அவ்வெண்ணம் மாறும்.

முடிவுரை

விஞ்ஞானம் பலகைக்கு வேகத்தைத் தந்துள்ளது. ஆனால் நார் ஆறும் வேகத்தைக் கூட்டும் கருவியை அது இன்னும் தரவில்லை. பாட்டரியை இரண்டு மூன்று மணி நேரத்தில் நிரப்பலாம். மெலிந்த தசையை நிரப்ப மாதங்கள் வேண்டும். இவ்விரண்டு காலக்கணக்குகளையும் ஒன்றென மயங்குதலே பெரும்பாலான இரண்டாம் ஊறுகளுக்குக் காரணம்.

மாணவ நண்பர்களே! ஊறுற்ற முழங்காலோடு வீட்டிலிருக்கும் தோழனைக் காணச் செல்லும்போது, "இன்னுமா நொண்டுகிறாய்? எப்பொழுது வருவாய்?" என்று வினவுதல் நம்மிடையே வழக்கம். அன்பினால் எழும் கேள்வியேயாயினும், அது அவனை அவசரத்திற்கு உந்துவது. அதற்கு மாறாக, "இன்று எத்தனை முறை காலைத் தூக்கினாய்?" என்று கேட்டு, அவனோடு அமர்ந்து எண்ணுவோமாயின், அஃது அவனுக்கு மருந்தினும் மேலான துணையாகும். ஒன்பது மாதம் பொறுத்தவனுக்குப் பலகை எங்கும் ஓடிப்போவதன்று. பொறாதவனுக்கோ, பலகை இருக்கும், முழங்கால் இராது.